திருட்டுப் பிரதியில் ஃபிக்ஹ் பாடம்



ஃபிக்ஹ் நூல்களில் கொடுக்கல் வாங்கல் அத்தியாயத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் நாம் முதலில் கேட்பது, ‘மால்’ என்றால் என்ன என்பதாகும். நெல் மால். ஆடு மால். வீடும் மால். இதுவரை எவரும் தடுமாறுவதில்லை. கையில் பிடிக்க இயலாத, பத்தாயிரம் படிகள் எடுத்தாலும் மூலத்தில் அணுவளவும் குறையாத மென்பொருள் மாலாகுமா என்று கேட்டால்தான் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது.

கடலூர் முதுநகரில் நாம் பணிபுரியும் மதரஸாவில் கடந்த ஆண்டு இக்கேள்வி ஏட்டிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய நன்கொடையாளர் ஒருவர் ஆறு பழைய கணினிகளை வாங்கித் தந்தார். விற்ற கடைக்காரர் ஆறிலும் விண்டோஸ், அலுவலகச் செயலிகள், அரபு எழுத்துருக்கள் அனைத்தையும் ‘போட்டே’ அனுப்பியிருந்தார். எதற்கும் ரசீது இல்லை. நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் வினவினார்: “ஹஜ்ரத், இது காசு கொடுத்து வாங்கியதா? இல்லையென்றால் இதில் குர்ஆன் ஆயத்துகளை அச்சிட்டு மக்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது கூடுமா?”

நிர்வாகத்தில் உள்ள பெரியவர் ஒருவருக்கு இக்கேள்வி வீண் வம்பாகத் தோன்றியது. “அமெரிக்காக்காரன் கம்பெனி ஹஜ்ரத். நம்ம ஆறு கம்ப்யூட்டரால அவன் ஏழையாயிடுவானா?” என்றார். அவர் ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்பவர். அடுத்தவர் வீட்டு முருங்கைக் கீரையைக்கூடக் கேளாமல் பறிக்காதவர். நம் சமுதாயத்தில் பலரும் இவ்விஷயத்தில் அவரைப் போன்றே இருக்கிறார்கள். பறிகொடுத்தவன் செல்வந்தனாகவும் தொலைவில் உள்ளவனாகவும் இருந்தால் அது களவாகாது என்றொரு சட்டம் எந்த மத்ஹபிலும் இல்லை.

இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததை மறைக்கலாகாது. துணைக் கண்டத்தின் ஹனஃபி முஃப்திகளில் முற்காலத்தவர் சிலர், உருவமற்ற உரிமையை விற்கவோ தடுக்கவோ இயலாது என்று கருதினர். கல்வியைப் பூட்டிவைப்பதை அவர்கள் வெறுத்தனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றின் மீது அத்துமீறுதல் கூடாது என்று தீர்மானித்தது. நாம் அதன் பக்கமே நிற்கிறோம். மேலும், நிறுவும்போது ‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறோமே, அது ஒப்பந்தம் அன்றோ? ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையுடன்தான் சூரா அல்மாயிதா தொடங்குகிறது.

சரி, கூடாது என்று சொல்லியாயிற்று. ஆறு கணினிகளுக்கும் உரிமம் வாங்க மதரஸாவில் பணம் இல்லை. நம்மிடம் ஓதிப் பின்னர்ப் பொறியியல் படித்து, இன்று சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்து, அனைத்தையும் அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவினார். எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ். அரபுக்கு அமீரி எழுத்துரு. எகிப்தின் பூலாக் அச்சகத்து எழுத்து வடிவத்தை அடியொற்றி காலித் ஹுஸ்னி உருவாக்கி, எவரும் பயன்படுத்துமாறு விட்டுவிட்ட எழுத்துரு அது. நாம் பழைய கிதாபுகளில் கண்டு பழகிய அதே அழகு திரையில் எழுந்தபோது, ஒரு பைசாவும் கேளாமல் இதை ஒருவர் தந்திருக்கிறாரே என்று வியந்தோம்.

‘ஏன் தந்தார்’ என்று மாணவர்கள் கேட்டதுதான் நல்ல பாடமாயிற்று. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அச்சு இயந்திரமொன்றைச் சீர்செய்ய அதன் மூலநிரலைக் கேட்டபோது மறுக்கப்பட்டார். அது அவர் நெஞ்சில் தைத்தது. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமம் வந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அடுத்த ஆண்டே அவ்வுரிமத்தின் கீழ் வந்தது. எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் திருத்தியதைப் பகிர்ந்தால் அதே உரிமைகளுடன் பகிர வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதை வாசித்துக் காட்டியதும் மாணவர் ஒருவர் ‘வக்ஃப்’ என்றார். நாமும் அதையே எண்ணியிருந்தோம். உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அடிமூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மமாக்கும் வழி காட்டப்பட்டது. அதன் பின் அந்நிலத்தை விற்கவோ அன்பளிக்கவோ வாரிசுகளுக்குப் பிரிக்கவோ வழியில்லை. கொடுத்தவரே விரும்பினாலும் திரும்பப் பெற இயலாது. குனூ உரிமத்தில் ஒருமுறை வெளியிட்ட நிரலும் அவ்வாறே: அடுத்த பதிப்பை ஆசிரியர் பூட்டலாம், கைமாறிப்போன பதிப்பை மீட்க இயலாது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்ற உரிமங்கள் வேறு வகை. அவை ஹிபாவுக்கு நெருக்கமானவை. பெற்றவர் அதைத் தம் வீட்டுக்குள் வைத்துக் கதவடைக்கலாம். ஆப்பிள் நிறுவனம் ஃப்ரீ பி.எஸ்.டி.யின் பகுதிகளைத் தன் இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டது அப்படித்தான்.

கைபர் வக்ஃபின் நிபந்தனைகளில் மற்றொன்றும் உண்டு: அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம். ‘இலவசமாகக் கொடுத்தால் இவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?’ என்பவர்களுக்கு இதுவே விடை. லினக்ஸைப் பராமரித்துத் தரும் சேவைக்குக் கட்டணம் பெற்றே வளர்ந்தது ரெட் ஹேட் நிறுவனம், 2019இல் ஐ.பி.எம். அதனை 3400 கோடி டாலருக்கு வாங்கியது. (அது ‘நியாயமான அளவு’தானா என்று ஒரு மாணவர் கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம்.) ஸ்டால்மன் தம்மை இறைமறுப்பாளர் என்று சொல்லிக்கொள்பவர். ஹிக்மத் எங்கிருந்து வந்தாலும் முஃமின் எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

ஒப்பீடு ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருத்தும் உரிமை மனிதர் எழுதியவற்றுக்கே. தன்ஸீல் என்னும் திட்டம் குர்ஆனின் மூலத்தைக் கணினி எழுத்தில் பிழையறச் சரிபார்த்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. ஆனால் எழுத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையுடன். நம் மாணவர்கள் ஆயத்துகளை எடுப்பது அங்கிருந்துதான்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத மாட்டோம். நிக்காஹ் பதிவுகளும் ரமளான் கால அட்டவணைகளும் பல்லாண்டுகளாக ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. புதிய கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கிலக் குப்பை. மூன்று மாணவர்கள் இரு மாதங்கள் அமர்ந்து மாற்றினார்கள். கணக்கரின் டாலி மென்பொருளும் லினக்ஸில் ஓடவில்லை. எனவே ஆறில் ஒன்றுக்குப் பணம் திரட்டி முறையாக விண்டோஸ் உரிமம் வாங்கினோம். ஐந்துக்கு ஒன்று, இதுவே நம் நிலை.

தமிழகம் இதை முன்பே பெரிய அளவில் முயன்று பார்த்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளை மனத்தில் கொண்டு உருவாக்கியது அது. நம் தெருவில் மடிக்கணினி பெற்ற பிள்ளைகளில் அந்தப் பக்கம் சென்றவர் அரிது. கற்பிக்க ஆளில்லாமல் கருவியை மட்டும் கொடுத்ததன் விளைவு இது. பொருளைப் பழிக்க ஏதுமில்லை. அதே வேளையில் விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களைக் கூட்டி அமர்ந்து கற்பிக்கிறார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ இதழ் இவற்றைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறது. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள நம் இளைஞர்கள் துபை விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் அதைப் புரட்டினாலே போதும்.

விளையாட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். வாரம் இருமுறை நாம் கடலூரிலிருந்து ரயிலேறிச் சிதம்பரம் சென்று மாலை மக்தபில் ஓதிக்கொடுக்கிறோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்கள் கடக்கும். எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தலை நிமிர்வதில்லை. அங்கு ஒரு தாய் தம் 14 வயது மகனை அழைத்து வந்தார். கணவர் ரியாதில் ஓட்டுநர். வீட்டுச் செலவுக்கு அவர் அனுப்பியதில் 11,000 ரூபாயை மகன் ஒரு துப்பாக்கி விளையாட்டில் ‘பெட்டி’ வாங்கிச் செலவழித்துவிட்டான். “ஹஜ்ரத், வெளையாட்டே ஹராமுன்னு சொல்லிடுங்க, நான் போனை உடைச்சிடுறேன்” என்று அழுதார்.

அவ்வாறு சொல்ல நம்மால் இயலாது. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியவர்கள். சதுரங்கத்தில்கூட ஹனஃபிகள் கடுமை காட்ட, பந்தயம் இல்லையெனில் மக்ரூஹ் என்ற அளவோடு ஷாஃபிகள் நிறுத்திக்கொண்டனர். நம் பார்வையில் இங்கே நஞ்சு அந்தப் பெட்டியில் இருக்கிறது. பணத்தை முன்னரே செலுத்த வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்த பின்னரே தெரியும். பெரும்பாலும் பயனற்றது வரும், என்றோ ஒருநாள் அரியது வரும். இதற்கு நம் நூல்களில் பழைய பெயர்கள் உண்டு: ஃகரர், மைஸிர். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

தமிழகத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று அவற்றை விலக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் திறனோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடுத்தது. இம்மட்டில் அது நம் ஃபிக்ஹுக்கு நெருங்கி வந்திருக்கிறது என்போம். ஆனால் சட்டத்தின் குறி, பணம் வெல்லலாம் என்று ஆசை காட்டும் ஆட்டங்களே. அச்சிறுவனுக்குக் கிடைத்தது பணமன்று, துப்பாக்கிக்கு ஒரு புதுச் சாயம். அதைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களே.

பையனிடம் நாம் சட்டம் பேசவில்லை. அத்தா ஒரு நாளைக்கு எத்தனை ரியால் ஈட்டுகிறார் என்று கேட்டு, 11,000 ரூபாய் எத்தனை நாள் உழைப்பு என்று அவனையே கணக்கிடச் சொன்னோம். கணக்கில் அவன் கெட்டி. விடை வந்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “ஹஜ்ரத், காசே கேக்காத கேம் இருக்கா?”

சென்னை இளைஞரிடம் விசாரித்து, சூப்பர் டக்ஸ் கார்ட் என்னும் திறந்த மூல வண்டிப் பந்தயத்தைப் பையனின் அண்ணன் வைத்திருந்த அரசு மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்தோம். அதில் விற்பனைக்கு எதுவும் இல்லை. மூன்று வாரங்கள் ஆயின. தாயின் கைப்பேசியிலிருந்து வங்கிக் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. பையன் இப்போது பந்தயத்தைவிட, அந்தப் பந்தயத் தடங்களை யார் வரைகிறார்கள், தானும் ஒன்று வரைய முடியுமா என்பதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். நமக்குத் தெரியாத கலை அது. அடுத்த விடுமுறையில் சென்னை இளைஞர் வரும்போது, இன்ஷா அல்லாஹ், அவனைச் சேர்த்துவிட வேண்டும்.