அரவமில்லாத நடை

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் பெண்கள் உங்கள் வீட்டில் உண்டல்லவா? இதைக் கொஞ்சம் அவர்களிடம் காட்டுங்கள்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். அறைத் தோழிக்கு நல்ல காய்ச்சல். வெந்நீர் கொண்டு வருவதற்காக நடு இரவில், மற்றவர்கள் தூக்கம் கெடாதபடி மெல்ல வெளியே போனாள். யாரோ பார்த்துவிட்டார்கள். காலையில் வார்டன் அம்மாள் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். இவளும் எழுதினாள், ‘மெல்லப் போனேன்’ என்பதற்கு ‘ஸ்னீக்’ என்ற வினைச்சொல்லைப் போட்டு! வந்தது வினை! ‘ஸ்னீக்’ என்றால் பிறர் கண்ணில் படாமல் திருட்டுத்தனமாகப் போவது. அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. காய்ச்சல்காரத் தோழி தள்ளாடி எழுந்து வந்து சொன்ன பிறகுதான், தகப்பனாருக்குக் கடிதம் போவது நின்றது.

தமிழில், ‘போனாள்’ என்பதோடு ‘மெல்ல’ என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஆங்கிலேயரோ இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து, போகிறவர் மனசையும் அதற்குள் போட்டுவிடுகிறார்கள். ‘ப்ரௌல்’ என்றால் இரை தேடித் திரிவது. ‘ஸ்லிங்க்’ என்றால் அடிபட்ட நாய் போல நழுவுவது. ‘ஸ்டீல்’ இருக்கிறதே, திருடுவதற்கும் அதே சொல், ஓசைப்படாமல் நகர்வதற்கும் அதே சொல்! அந்தப் பெண் எழுதியிருக்க வேண்டியது ‘டிப்டோ’. நுனிக்காலில் நடப்பது. தொட்டில் குழந்தையைத் தாண்டிப் போகும் தாய்க்குக்கூடப் பொருந்தும்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனபோது, இந்தச் சொல்லும் எனக்குப் போதவில்லை. ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர் அது. திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகரத்து இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. விதானத்தில் தீர்த்தங்கரர் சரிதங்கள் வண்ண ஓவியங்களாக! (கழுத்து வலிப்பது அப்புறம்தான் தெரிந்தது.) அந்தச் சமயத்துத் திகம்பர முனிவர்கள் எப்படி நடப்பார்கள் தெரியுமா? எதிரே நான்கு முழத் தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைப்பார்கள். உட்காரும் இடத்தை மயிற்பீலியால் மெல்லத் தடவி ஒதுக்குவார்கள். எறும்பு நசுங்கிவிடக் கூடாதே! இரவில் வழி நடப்பதில்லை. இருட்டில் பூச்சி தெரியாதல்லவா?

இந்த நடையை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ‘டிப்டோ’ குழந்தை விளையாட்டுப் போல இருக்கிறது. ‘க்ரீப்’ என்றால் ஊர்வது. அது அந்த எறும்புக்குத்தான் சரி. ‘ட்ரெட்’ என்றால் அடி வைப்பது. அதோடு ‘ஸாஃப்ட்லி’ என்று சேர்த்து எழுதலாம். இங்கே மட்டும் ஆங்கிலத்துக்கும் நம்மைப் போல இரண்டு சொல் வேண்டியிருக்கிறது.