அவியும் வைக்கோல்

கொல்லைப்புறத்துக் கோட்டை அடுப்பில் அண்டா ஏறியிருக்கிறது. முன்பு நெல் அவித்த அண்டா. வீட்டில் நெல் அவிப்பது நின்று, அரிசி மூட்டையாகக் கடையிலிருந்து வரத் தொடங்கியபின் மாட்டுக்கொட்டகைப் பரணில் கவிழ்ந்து கிடந்தது. இன்று அதில் சிப்பிக் காளானுக்காக வைக்கோல் அவியப் போகிறது.

திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூர் இது. கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டு மருமகளுக்கு என்னிடம் பேச நேரமில்லை. எனக்கும் கேட்க ஒன்றுமில்லை, பார்த்தாலே போதும்.

கட்டைப் பிரித்து ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோகிறாள். இந்தப் போகத்து வைக்கோல், மழை படாதது, பொன்னிறம். நடுவில் ஒரு கற்றை கருத்திருக்கிறது. அதை மாட்டுக்கும் போடவில்லை, நேராக எருக்குழிக்குப் போகிறது. மிச்சத்தை மரக்கட்டை மேல் வைத்து, விரல் நீளத்துக்கும் குறைவான துண்டுகளாக அரிவாளால் நறுக்குகிறாள். காலையிலேயே நறுக்கிய பங்கு சிமெண்ட் தொட்டியில் நாலைந்து மணி நேரமாக ஊறிக்கொண்டிருக்கிறது. உலர்ந்த தண்டின் உள்ளே சூடு சீக்கிரம் ஏறாது. ஊறிய தண்டில் தண்ணீரே சூட்டை உள்ளே எடுத்துப் போகும்.

அடுப்பில் தென்னை மட்டை எரிகிறது. அண்டாத் தண்ணீரில் அடியிலிருந்து சிறு குமிழிகள் எழுகின்றன. இன்னும் தளதளவென்று கொதிக்கவில்லை. ஊறிய வைக்கோலை வெங்காயம் வரும் வலைச்சாக்குகளில் அடைத்து இறக்குகிறாள். வைக்கோல் மிதக்கும், மிதக்கும் பங்கு வேகாது. ஆகவே மேலே அம்மிக் குழவி ஏறுகிறது. தட்டு போட்டு மூடி, இரண்டு மட்டைகளை வெளியே இழுத்துவிடுகிறாள். 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறை. வெப்பமானி இங்கே இல்லை. தட்டின் ஓரத்தில் எழும் ஆவியைப் பார்த்தே மட்டையைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருக்கிறாள். கைப்பேசியில் மணி வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை இறக்காமலேயே நிற்கிறாள்.

"அம்மா, வீடியோல எல்லாரும் குக்கர்லதாம்மா வைக்கறாங்க. நம்மகிட்டதான் குக்கர் இருக்கே?"

"அதுல எத்தனை வைக்கோலுடி கொள்ளும்? ஒரு பிடி. ராத்திரி வரைக்கும் விசில் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? போ, கைகால் கழுவு."

அந்தப் பதிலில் பாதி நேரக் கணக்கு, பாதி அறிவியல். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது. சிப்பிக் காளானுக்கு வைக்கோலை அவ்வளவு தூரம் வெறுமையாக்க வேண்டியதில்லை. 80 டிகிரியில் பூஞ்சைகளும் பூச்சி முட்டைகளும் புழுக்களும் அழிகின்றன. சூடு தாங்கும் சில பாக்டீரியாக்கள் மட்டும் மிஞ்சும். காளானுக்கு அவற்றால் பெரிய கெடுதல் இல்லை, பச்சைப் பூஞ்சை உள்ளே வந்தால் இடம் கொடுக்காமல் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். முழுக்க வெறுமையாக்கிய வைக்கோலில் காற்றோடு வந்து விழும் ஒரு பூஞ்சை வித்து போட்டியே இல்லாமல் பரவிவிடும். ஆய்வகத்துக்குள் அதைத் தடுக்கலாம், கொல்லைப்புறத்தில் தடுக்க முடியாது. குடிசையில் காளான் வளர்ப்பவருக்கு அரைகுறைச் சுத்தமே பாதுகாப்பு என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அண்டாவுக்குள் எது சாகிறது, எது சாகவில்லை என்ற கேள்வியோடு 150 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மல்லாடியிருக்கிறார், அதுவும் காய்ந்த புல்லோடு. ஜான் டிண்டால், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை செய்த இயற்பியல் அறிஞர். புல் ஊறிய நீரைக் கொதிக்க வைத்து மூடினால் கெடக்கூடாது. பழைய உலர்புல் ஆய்வகத்துக்குள் வந்த பிறகு, எவ்வளவு கொதிக்க வைத்தும் நீர் கெட்டது. 1876-இல் ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் கோன், சில பாக்டீரியாக்கள் சூடு தாங்கும் வித்துகளாக ஒடுங்கிக்கொள்வதைக் கண்டு எழுதினார். மறு ஆண்டு டிண்டால் வழி கண்டார். ஒருமுறை கொதிக்கவைத்து ஆறவிட்டால் ஒடுங்கிய வித்துகள் முளைக்கும். முளைத்தவை சூடு தாங்கா, மறுமுறை கொதிக்கவைத்தால் சாகும். இப்படி விட்டுவிட்டுச் சூடாக்கும் முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. நீராவி அழுத்தக் கலம் அதற்குப் பின்பு, 1879-இல், பாஸ்டரோடு பணியாற்றிய சார்லஸ் சேம்பர்லேண்ட் கையில் உருவானது. காளான் வித்து வளர்க்கும் சோளத்தைக் குக்கர் இல்லாமல் தயார் செய்ய விரும்புகிறவர்கள் இன்றும் மூன்று நாள் மூன்று முறை அவிப்பது டிண்டாலின் வழிதான். ஆனால் சோளம் சத்து மிகுந்தது, ஒரு பாக்டீரியா தப்பினாலும் புட்டி முழுக்கப் புளித்துப் போகும். அதற்கு அழுத்தக் கலமே சரி. இந்த வீட்டில் சோளத்தைத் தொடவே இல்லை, வித்துப் புட்டிகள் விலைக்கு வாங்கி வந்தவை.

மணி அடிக்கிறது. ஈரத் துண்டால் பிடித்துச் சாக்கைத் தூக்க, பழுப்பு நீர் ஒழுகுகிறது. கொல்லை முழுக்க நெல் அவித்த அதே மணம். கழுவித் துடைத்த தார்ப்பாய் உள் தாழ்வாரத்து நிழலில் விரிந்திருக்கிறது. அதில் வைக்கோலைக் கொட்டி, கழுவிய கையால் மெல்லப் பரப்புகிறாள். மாமியார் எட்டிப் பார்க்க வருகிறார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கத்தே. பாயில மிதிச்சிடாதீங்க."

"எங்க வீட்டு வைக்கோலத் தொடறதுக்கு நான் கால் கழுவணுமா?" என்று முணுமுணுத்தவர், கழுவிவிட்டே வருகிறார். ஒரு பிடி எடுத்துப் பிழிகிறார். சொட்டு விழவில்லை, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டியிருக்கிறது. "போதும், அள்ளு" என்கிறார். நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு ஈரம் என்று புத்தகம் சொல்வது ஏறக்குறைய இந்தப் பதத்தைத்தான். நெல் அவித்துக் காயவைத்த கைக்குப் பதம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கெட்டுப்போவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில், ஆறவைத்ததற்கும் பையைக் கட்டுவதற்கும் நடுவே. அதனால் இப்போது அவளிடம் வேகம் வந்துவிட்டது. மின்விசிறியை நிறுத்துகிறாள், கதவைச் சாத்துகிறாள், கையில் ஸ்பிரிட் தேய்க்கிறாள். பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாகப் புட்டியிலிருந்து ஒரு பிடி வெண்மை படர்ந்த வித்துச் சோளம், மறுபடி வைக்கோல். அழுத்தி அழுத்தி அடுக்கி வாயைக் கட்டி, பக்கவாட்டில் துளையிட்டு, உறியில் தொங்கவிடுகிறாள். பதினைந்து, இருபது நாளில் பை முழுக்க வெள்ளை ஓடும்.

கூரைக் கொட்டகையில் பழைய பைகள் தொங்குகின்றன. ஒன்றின் தோளில் பச்சைத் திட்டு. அதை அங்கே திறக்காமல், அப்படியே தூக்கிக்கொண்டு தோட்டத்தின் கடைசிக்குப் போய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கழுவித் திரும்புகிறாள்.

சூடே இல்லாமல் செய்பவர்களும் உண்டு. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் காரம் ஏறிப் பூஞ்சை அடங்கும். கார்பெண்டசிம், ஃபார்மலின் கலந்த நீரில் இரவெல்லாம் ஊறவைக்கும் முறையும் பயிற்சிக் கையேடுகளிலேயே இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடப் போகும் காளானுக்குப் பூஞ்சைக்கொல்லியும், புற்றுநோய் உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடு கலந்த நீரும் எதற்கு? கொஞ்சம் விறகும் ஒரு மணி நேரமும் இருக்கும்போது அந்த வழி எனக்கு ஒப்பவில்லை.

வைக்கோலில் காளான் என்பது புதிதல்ல. 1962-இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பானோவும் ஸ்ரீவாஸ்தவாவும் நெல் வைக்கோலில் சிப்பிக் காளானை வளர்த்துக் காட்டினார்கள். நன்றாக விளைந்தால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு ஏறக்குறைய அதே எடைக்குக் காளான் வரும்.

நீங்களும் போட்டுப் பார்க்க விரும்பினால், வித்துப் புட்டியை வேளாண் பல்கலைக்கழகத்திலோ தெரிந்த வித்து உற்பத்தியாளரிடமோ வாங்குங்கள். தயாரித்த தேதியைக் கேளுங்கள். சோளம் முழுக்க வெண்மை படர்ந்திருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தெரிந்தாலும், புளித்த வாடை வந்தாலும் வாங்காதீர்கள். அந்த வித்தை எந்த அடுப்பாலும் காப்பாற்ற முடியாது.