டேக் வாங்கப் போகிறவருக்கு

வீடுகளில் பாட்டுக் கேட்பதற்கான ஒலியமைப்பை அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி முடித்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது டேக் (டிஜிட்டல்-அனலாக் மாற்றி) பற்றித்தான். கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி வரும்: “சார், இதுல எந்த சிப் போட்டிருக்கான்? 32 பிட் வருமா? 768 எடுக்குமா?” கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது அதைத்தான். ஆனால் ஒரு டேக் நம் வீட்டில் நன்றாகப் பாடுமா என்பதைத் தீர்மானிக்கும் விவரங்கள் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சில விவரங்களை அச்சிடுவதே இல்லை.

டேக் செய்யும் வேலை எளிதாகச் சொல்லக்கூடியது. கோப்பில் எண்களாகக் கிடக்கும் இசையை மின்னழுத்த அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிறது. 1982-இல் சிடி வந்தபோது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட் என்று வகுத்திருந்தார்கள். அன்றைக்கு இந்த வேலையை ஒழுங்காகச் செய்வது பெரும்பாடு. சோனியின் முதல் பிளேயரான சிடிபி-101-இல் இடம், வலம் இரண்டுக்கும் ஒரே மாற்றிதான். அது மாறி மாறி வேலை செய்ததால் ஒரு பக்கம் சுமார் 11 மைக்ரோநொடி பிந்தி வந்தது. பிலிப்ஸிடம் இருந்தது 14 பிட் சிப். ஓவர்சாம்ப்ளிங் என்ற கணித உத்தியால் அதை 16 பிட்டுக்கு நிகராக்கினார்கள். இன்றைய டெல்டா-சிக்மா சிப்புகளுக்கும் அந்த உத்திதான் அடிப்படை. அன்று பெரிய நிறுவனங்கள் திணறிய காரியத்தை இன்று போனில் செருகும் விரல் நீள டாங்கிள் அலட்டாமல் செய்துவிடுகிறது.

ரெசிஸ்டர்களை ஏணிபோல அடுக்கி மாற்றும் ஆர்-டூ-ஆர் முறைக்கு இன்னமும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. 16 பிட் ஏணியின் மேல்படிக்கு 65,536-இல் ஒரு பங்கு துல்லியம் வேண்டும். 24 பிட் என்றால் 1,67,77,216-இல் ஒரு பங்கு. விலை கூடிய 0.01 சதவீத ரெசிஸ்டரின் துல்லியமே பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே அளந்து பார்த்தால் டெல்டா-சிக்மாவே முந்தும். ஓவர்சாம்ப்ளிங் இல்லாத பழைய பாணி டேக்குகளில் ஒரு குழைவு தெரிகிறது என்பார்கள். தெரியத்தான் செய்யும்: சிடி கோப்பை அப்படி ஓட்டினால் 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெலுக்கு மேல் இறங்கிவிடும். அந்தக் குழைவு பிடித்தவர் தாராளமாக வாங்கலாம். துல்லியம் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகா நகரில் இருந்த ஏகேஎம் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. டேக் தயாரிப்பாளர்கள் பலர், இருப்பு தீர்ந்ததும் இஎஸ்எஸ் போன்ற வேறு நிறுவனங்களின் சிப்பை வைத்துத் தங்கள் கருவிகளைத் திருத்தி அமைத்தார்கள். அதனால் அவர்கள் கருவிகளின் தரம் சரிந்துவிடவில்லை. மின்வழங்கி, கடிகாரம், வெளியீட்டுச் சுற்று ஆகியவற்றை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர் எந்த நல்ல சிப்பை வைத்தும் நல்ல டேக் செய்வார்.

அடுத்தது பிட் கணக்கு. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் என்று வைத்தால் 16 பிட்டில் 96, 24 பிட்டில் 144. இன்றைய மிகச் சிறந்த டேக்குகளே 120 முதல் 130 டெசிபெல் வரைதான் எட்டுகின்றன. 32 பிட் என்ற அச்சு, உள்ளே நடக்கும் கணக்கின் அகலத்தைச் சொல்கிறது. வெளியே வரும் ஒலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இனி நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். சீலிங் ஃபேன் சுழல, ஜன்னல் திறந்திருக்க, தெரு அடங்கிய இரவிலும் சத்தம் 40 டெசிபெலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உச்சத்தில் 100 டெசிபெல் வைத்துக் கேட்டாலும் நமக்குக் கிடைப்பது 60 டெசிபெல் இடைவெளி. சிடிக்கே அதில் மிச்சம் இருக்கிறது.

அப்படியானால் சிடியைவிடக் கூடுதல் பிட்டும் வேகமும் கொண்ட ஹை-ரெஸ் வீணா? ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் அவசியம். கலைஞர் திடீரென்று உரக்கப் பாடினாலும் சமாளிக்க அங்கே இடம் வேண்டும். வீட்டில் அதன் பயன் வேறு. ஒலியளவைக் கம்ப்யூட்டரிலேயே குறைக்கிறவருக்கு, 24 பிட் பாதை இருந்தால் நுணுக்கம் தொலையாது. காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் ஹை-ரெஸ் இசையை நடுவில் 16 பிட் 44.1 வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தார். சரியாகச் சொன்னது 52.3 சதவீதம், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். பயிற்சி பெற்ற காதுகள் இதைவிட நன்றாகச் செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆக வித்தியாசம் இல்லாமல் இல்லை, மிகச் சிறியது. அதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை.

என் கவனம் போகும் இடங்கள் வேறு. முதலாவது வெளியீட்டு மின்னழுத்தம். சாதாரண ஆர்சிஏ வெளியீட்டில் 2 வோல்ட் வழக்கம், பேலன்ஸ்டு வெளியீட்டில் 4 வோல்ட். கேசட் காலத்து ஆம்ப்ளிஃபயர் கால் வோல்ட்டிலேயே முழுச் சத்தம் போட்டுவிடும். அதில் புது டேக்கை மாட்டினால் வால்யூம் குமிழைத் தொட்டதும் அலறும். குமிழின் தொடக்கப் பகுதியில் இடமும் வலமும் சமமாகவும் வராது. பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். வெளியீட்டைக் குறைக்கும் வசதி உள்ள டேக் இங்கே போதும். எத்தனை விலை கொடுத்தாலும் அந்த வசதி இல்லாதது உதவாது.

இரண்டாவது ரீங்காரம். மூன்று முனை பிளக் கொண்ட லேப்டாப் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் யுஎஸ்பி வழியாக ஒன்று சேரும்போது எர்த் இரண்டு பாதையில் சுற்றி வரும். இதை கிரவுண்ட் லூப் என்பார்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம், அதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50-இலும் 100-இலும் கேட்கும். ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். பக்கத்திலேயே 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்து உட்கார்ந்தால் சுருதி அலைபாயும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவை முதலில் போட்டுப் பார்ப்பேன். தீர்வு எளிது: ஆப்டிகல் உள்ளீடு. கண்ணாடி இழையோ பிளாஸ்டிக் இழையோ ஒளியைத்தான் கடத்தும், மின்சாரம் போகாது. ஆகவே ஆப்டிகல் இல்லாத டேக்கை நான் பரிந்துரைப்பதில்லை. எர்த் முனையை ஒடித்துவிட்டு ரீங்காரத்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

மூன்றாவது கோப்பு வரும் வழி. விண்டோஸ் தன் மிக்ஸருக்குள் எல்லாவற்றையும் ஒரே மாதிரியெடுப்பு வேகத்துக்கு மாற்றிவிடும். பிளேயரில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு அப்படியே வெளியே வரும். பல ஆண்ட்ராய்டு போன்கள் எதைக் கொடுத்தாலும் 48 கிலோஹெர்ட்ஸாக்கி அனுப்பும். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்குச் சந்தா கட்டிவிட்டு 48-இல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். வரும் வேகத்தை முகப்பில் எண்ணாகக் காட்டும் டேக்கை வாங்கினால் இந்த உண்மை உடனே தெரிந்துவிடும். யுஎஸ்பி கேபிளுக்குப் பெருந்தொகை கொடுக்காதீர்கள். இன்றைய டேக்குகள் பெரும்பாலும் அசின்க்ரனஸ் முறையில் இயங்குகின்றன. தன் கடிகாரத்தின்படி தரவைக் கேட்டு வாங்கிக்கொள்வது டேக்தான்.

இரண்டு டேக்குகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் பயனில்லை. 2 வோல்ட் கருவிக்கும் 2.5 வோல்ட் கருவிக்கும் இடையே கிட்டத்தட்ட 2 டெசிபெல் வித்தியாசம். கூடுதல் சத்தம் காதுக்குக் கூடுதல் தெளிவாகவே படும். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளந்து சமன் செய்யுங்கள். மலிவான மீட்டர்கள் அந்த அதிர்வெண்ணில்தான் நம்பகமாக அளக்கும். 0.1 டெசிபெலுக்குள் கொண்டுவர வேண்டும். 2 வோல்ட்டில் அது சுமார் 23 மில்லிவோல்ட். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றி மாற்றிப் போடட்டும். அதற்குப் பிறகும் ஒன்று பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள்.

பதிவின் தரத்தையும் மறக்கக்கூடாது. எழுபதுகளில் வந்த தமிழ்ப் பாடல்கள் அனலாக் டேப்பில் பதிவானவை. அந்த டேப்பின் இடைவெளி 60, 70 டெசிபெல்தான். அதை 24 பிட் 192-இல் வாங்கினால் டேப்பின் இரைச்சல் துல்லியமாகக் கிடைக்கும். நல்ல மூலப் பிரதியிலிருந்து கவனமாக எடுத்த 16 பிட் கோப்பு அதைவிட மேல்.

கடைசியாகப் பணக் கணக்கு. ஒழுங்கான டேக் ஒன்றின் ஒலி 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை கால் டெசிபெல்கூட விலகாது. அதே வீட்டில் ஸ்பீக்கரும் சுவரும் சேர்ந்து பாஸ் பகுதியில் 10 டெசிபெலுக்கு மேல் ஏற்றி இறக்கும். அதனால் ஸ்பீக்கருக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டேக்குக்குக் கொடுக்காதீர்கள். ஆப்டிகல் உள்ளீடு, குறைக்கக்கூடிய வெளியீடு, வேகம் காட்டும் முகப்பு, திருப்பிக் கொடுக்கும் வசதி ஆகிய நான்கும் இருந்தால் வாங்குங்கள். மீதிப் பணத்தில் கனமான திரைச்சீலையும் நல்ல கம்பளமும் வாங்கிப் போடுங்கள்.