பாற்பல் விழத்தானே போகிறது?

நமது செய்திமடலின் கோடை இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கோயிற் காரியதரிசி கேட்டார். தேர்த் திருவிழாவைப் பற்றியோ விரத மகிமையைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பிள்ளைகளின் பற்களைப் பற்றி எழுதுகிறேன். பள்ளிக்கூட விடுமுறை ஆறு கிழமையும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் நம் அங்கத்தவர்களிடையே அநேகர். அவர்களுள் ஒருத்தியான நான் 2022ஆம் ஆண்டுக் கோடையில் செய்த பிழையை வேறொருவரும் செய்யக் கூடாது என்பதே இதை எழுதுவதன் நோக்கம்.

அந்தக் கோடையை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஜூலை 19ஆம் திகதி லிங்கன்ஷயரில் வெப்பம் 40.3 பாகை செல்சியசுக்கு ஏறியது. பிரித்தானியாவில் வெப்பம் 40 பாகையைத் தாண்டியது அதுவே முதற்தடவை. அதற்குச் சில நாட்களில் பள்ளிக்கூடம் விட்டார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, எட்டு வயதுப் பேத்தியும் ஐந்து வயதுப் பேரனும் காலை முதல் மாலை வரை என் பொறுப்பானார்கள்.

பள்ளி நாட்களில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. விடுமுறை தொடங்கியதும் வீட்டில் நேரம் என்பதே இல்லாமற் போயிற்று. பத்து மணிக்கு எழும்புவார்கள். வெக்கைக்கு ஒரு ஐஸ் குச்சி. விளையாடி வந்ததும் நன்னாரி சர்பத். கையில் ஒரு போத்தல் ஸ்குவாஷ், அதை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே தொலைக்காட்சி. நாலு மணிக்கு என்னோடு தேத்தண்ணி, அதில் தோய்த்துச் சாப்பிட இரண்டு பிஸ்கட். இரவில் சீனி போட்ட பால், அதுவும் படுக்கையில். பல் தீட்டுவது நினைவு வந்தால் நடக்கும். "விடுமுறைதானே, பாவங்கள்" என்று விட்டுவிடுவேன். பிள்ளைகள் கேட்டதைக் கொடுப்பதுதான் அன்பு என்றே நான் நினைத்திருந்தேன்.

ஓகஸ்ட் மாதம் பிறந்தபோது பேரன் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே இருக்கத் தொடங்கினான். ஒரு கவளத்துக்கு ஐந்து நிமிடம். "விழுங்கடா, கள்ளம் போடாதே" என்று எத்தனையோ தடவை ஏசினேன். ஒரு நாள் கோப்பையைப் பறித்துக்கொண்டு போய் வைத்துவிட்டேன். பிறகு பிள்ளை பட்டினி என்று மனம் கேட்காமல், இன்னுமொரு கோப்பை சீனிப் பால் கொடுத்தேன். அவன் ஒரு பக்கத்தால் மட்டும் சப்புகிறான் என்பதை நான் கவனிக்கவில்லை. வலி என்று சொல்ல அவனுக்கும் தெரியவில்லை.

தேர் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். விடியும்போது கன்னம் வீங்கியிருந்தது. அவசரமாகப் பல் வைத்தியரிடம் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். கடைவாய்ப் பற்கள் நான்கில் சூத்தை. ஒன்றின் அடியில் சீழ் கட்டி முரசு புடைத்திருந்தது. நான்கையும் பிடுங்கவேண்டும், இவ்வளவு சிறிய பிள்ளைக்கு வைத்தியசாலையில் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்யலாம் என்றார் வைத்தியர்.

"பாற்பல்தானே, எப்படியும் விழத்தானே போகிறது?" என்று கேட்டேன். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். பாற்பற்கள் இருபது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். ஆனால் பின்னாலுள்ளவை பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்து வேலை செய்யவேண்டியவை. சாப்பாட்டை அரைப்பதோடு, கீழே வளரும் நிலைப்பல்லுக்கு இடத்தையும் பிடித்து வைத்திருப்பவை அவையே. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, பின்னால் வரும் பல் கோணலாக வரக்கூடும். இன்னொன்றும் சொன்னார். ஆறு வயதளவில் பாற்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் முளைக்கும். அதையும் பாற்பல் என்று எண்ணிப் பலர் கவனியாது விடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதற்குமான பல்.

வீக்கத்துக்கு மருந்து தந்தார்கள். பிடுங்குவதற்கு நவம்பர் மாதம்தான் நாள் கிடைத்தது. காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுபோனோம். மகள் அவனை மடியில் வைத்திருக்க, முகத்தில் மூடியை வைத்தார்கள். நான் வெளியே கதிரையில் இருந்து கந்தசஷ்டி கவசம் சொன்னேன். கவசத்தில் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக் காக்கும்படி வேலவனை வேண்டுகிறோம். அதிலே முப்பத்திரண்டு பல்லும் வரும். எத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தும் அந்த இடத்தை நான் யோசித்ததில்லை. அன்றைக்கு அதற்கு மேலே சொல்ல நா எழவில்லை.

மகள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மயக்கம் தெளிந்ததும் பேரன், வாயில் இரத்தம் தோய்ந்த பஞ்சோடு, என்னைப் பார்த்து, "அம்மம்மா, இனி நான் கெதியாய்ச் சாப்பிடுவன்" என்றான்.

இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் காரணங்களில் பற்சிதைவே பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். விபத்தோ காய்ச்சலோ அல்ல, பல்!

எங்கள் ஊரில் நாங்கள் வேப்பங்குச்சியாலும் உமிக்கரியாலும் பல் விளக்கினோம். பல் வைத்தியரைக் கண்டதில்லை. இந்த வயதிலும் என் பற்களிற் பெரும்பாலானவை என்னுடையவைதான். அதற்கெல்லாம் வேம்பே காரணம் என்று பெருமை பேசி வந்தேன். இப்போது யோசித்தால் உண்மை வேறு. பணியாரமும் அரியதரமும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கலியாண வீட்டிலும்தான் கண்டோம். தேத்தண்ணிக்குக் கடிக்கும் பனங்கட்டித் துண்டுகூடக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இடையில் தாகம் எடுத்தால் கிணற்றுத் தண்ணீர். இனிப்புக்கு ஒரு நேரம் இருந்தது. வேப்பங்குச்சியை விட அந்த ஒழுங்குதான் எங்கள் பல்லைக் காத்திருக்க வேண்டும்.

இதற்கு விஞ்ஞானமும் சான்று கூறுகிறது. வாயிலுள்ள கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுள்ள மிளிரியைக் கரைக்கிறது. 1940களில் அமெரிக்கரான ஸ்டீபன் என்பவர் இதை அளந்து காட்டினார். இனிப்பு பட்டதும் சில நிமிடங்களில் பல்லின் மேற்படிவு அமிலமாகி, பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. உமிழ்நீர்தான் அதை மெல்ல மெல்லச் சரிசெய்து, கரைந்த உப்புக்களைத் திரும்பப் பல்லிற் சேர்க்கிறது. ஒரு கோப்பைச் சர்பத்தை ஒரேயடியாகக் குடித்தால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதையே இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. என் பேரனுக்கு அந்தக் கோடை முழுவதும் நடந்தது இதுதான்.

சுவீடன் நாட்டில் லுண்ட் நகருக்கு அருகே விப்பேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் 1940களின் பிற்பகுதியில் ஒரு பரிசோதனை நடந்தது. அங்கிருந்தவர்களுக்கு வெவ்வேறு விதமாக இனிப்புக் கொடுத்துப் பற்களை ஆராய்ந்தார்கள். மறுப்புச் சொல்ல முடியாத மனிதரின் பல்லைக் கெடுத்துப் பார்த்த செயல் அது. இன்று எவரும் அதை நியாயப்படுத்துவதில்லை. ஆயினும் 1954இல் வெளியான அதன் முடிவை உலகம் மறக்கவில்லை. உணவோடு சேர்த்து உண்ட சீனியால் சூத்தை அதிகம் கூடவில்லை. உணவுக்கு இடையிடையே உண்ட, பல்லில் ஒட்டும் டொபியால் மிக அதிகமாகக் கூடியது. எவ்வளவு என்பதோடு, எத்தனை தடவை, எந்த நேரம் என்பவையும் பெரிய காரியம்.

அளவும் வேண்டாமென்றில்லை. நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சேர்க்கப்பட்ட சீனி நாளொன்றுக்கு 19 கிராமுக்கு மேற்படக் கூடாது, ஏழு முதல் பத்து வயதுக்கு 24 கிராம் என்பது இந்நாட்டு அரச சுகாதார சேவையின் ஆலோசனை. 330 மில்லி லீற்றர் கோலா ரின் ஒன்றிலேயே ஏறக்குறைய 35 கிராம் சீனி உண்டு. பழச்சாறும் நாளுக்கு 150 மில்லி லீற்றருக்கு மேல் வேண்டாம், அதுவும் சாப்பாட்டோடு.

2023ஆம் ஆண்டு விடுமுறையின் முதல் நாளே பேத்தியைக் கொண்டு ஒரு நேர அட்டவணை எழுதுவித்துக் குளிரூட்டியில் ஒட்டினேன். காலை உணவு, மதிய உணவு, நாலு மணிச் சிற்றுண்டி, இரவு உணவு. இடையில் வேண்டிய மட்டும் தண்ணீர். வெள்ளரித் துண்டும் புதினா இலையும் போட்டு ஒரு பெரிய சாடியில் வைத்தேன், நிறத்தைப் பார்த்தே குடித்தார்கள். வெயிலுக்கு உப்புப் போட்ட மோர். நாலு மணிக்கு அவித்த கடலை, கரட், சீஸ். ஐஸ் குச்சியை நிறுத்தவில்லை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுத்தேன். மாம்பழமும் அவ்வாறே. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை நிழலில் விளையாட்டு, வெளியே போனால் தொப்பி. நம்முடைய நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பதும் தவறான எண்ணமே.

முதற் கிழமை அழுகையும் சண்டையுந்தான். இரண்டாம் கிழமையில் மதியச் சாப்பாட்டை இருவரும் மிச்சம் வைக்காமல் உண்டார்கள். இடையில் இனிப்பு இல்லாததால் பசி வந்தது. சாப்பிடமாட்டேன் என்கிறான் என்று நான் முன்பு முறையிட்டதற்குப் பாதிக் காரணம் என் கையிலேயே இருந்திருக்கிறது.

இரவு பல் தீட்டிய பின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. நித்திரையில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். ஆகையால் படுக்கையிற் குடிக்கும் சீனிப் பால் விடியும்வரை பல்லைக் கெடுக்கும். காலையில் ஒருமுறை, படுக்கைக்குப் போகுமுன் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் தீட்டவேண்டும். புளோரைட் 1000 பி.பி.எம்முக்குக் குறையாத பற்பசை வேண்டும், ஏழு வயதுக்கு மேல் 1350 முதல் 1500 வரை. குழாயின் பின்புறத்தில் எழுதியிருக்கும். மூன்று வயதுக்குக் கீழ் ஒரு பூச்சளவு, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணியளவு போதும். தீட்டியபின் துப்பவேண்டும், தண்ணீரால் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் பல்லைக் காக்கும் புளோரைட்டும் கழுவுண்டு போய்விடும். இது நமக்குப் பழக்கமில்லாதது, எனக்கே ஒரு மாதம் பிடித்தது. ஏழு வயது வரையாவது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று தீட்டிவிட வேண்டும்.

கோயிற் பிரசாதத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மறுக்கவேண்டாம். பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் அன்னதானத்தோடு சேர்த்து உண்டு, பிறகு தண்ணீர் குடித்தால் போதும். நாள் முழுவதும் பையில் வைத்துக் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பதுதான் கூடாது. கடலைச் சுண்டல் பல்லுக்கு நல்ல பிரசாதம். தேர்த் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் சர்பத்துக்குப் பக்கத்தில் மோரும் வெறுந் தண்ணீரும் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்று நிர்வாக சபையை வினயமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கோடையில் விழுந்தெழும்பாத பிள்ளை இல்லை. நிலைப்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தால் பதறவேண்டாம். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் பாலிலோ குளிர்ந்த நீரிலோ சற்றே அலசி, வந்த குழியிலேயே வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் ஓடுங்கள். பாற்பல்லாயின் திரும்ப வைக்கவே கூடாது. வைத்தியர் கிடைக்காவிட்டால் 111க்கு அழைக்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு அரச சேவையில் பல் வைத்தியம் இலவசம். முதற்பல் முளைத்ததும், ஒரு வயதுக்கு முன்பே ஒருமுறை காட்டுங்கள். ஊருக்கோ கனடாவுக்கோ பயணம் போகும் குடும்பங்கள் புறப்படுமுன் காட்டிவிட்டுப் போவது நல்லது.

பேரனுக்கு முன்வாயில் புதுப் பற்கள் வந்துவிட்டன. கடைவாயில் நான்கு இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. சிரிக்கும்போது தெரியாது, எனக்குத் தெரியும். இரவில் அவனுக்குப் பல் தீட்டுவித்த பிறகுதான் கவசம் சொல்ல உட்காருகிறேன். வேலவன் காப்பான். ஆனால் பிரஷைப் பிடிக்கவேண்டியவர்கள் நாங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் நோயின்றிக் கோடையைக் கழித்து, தேரன்று கோயிலுக்கு வரவேண்டுமென்று முருகப்பெருமானைப் பிரார்த்திக்கிறேன்.