பால், பாலு, ஹாலு... புனே!

சென்னையிலிருந்து புனேவுக்கு ரயிலில் போகிறவர்கள் பொதுவாக இரண்டே காரியம்தான் செய்வார்கள். சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். நானும் அப்படித்தான் உத்தேசித்திருந்தேன். ஆனால் எதிர் சீட்டில் ஒரு கைக்குழந்தை. அதற்கு அடிக்கடி பால் வேண்டும். அப்பாக்காரர் பாவம், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பெரிய ஸ்டேஷன்களில் எல்லாம் இறங்கி ஓடினார். அரக்கோணத்தில் 'பால்' கேட்டார். கடப்பாவில் 'பாலு'. கலபுரகியில் (அதாங்க, பழைய குல்பர்கா) 'ஹாலு'. சோலாப்பூரில் 'தூத்'.

"நாலு பாஷை தெரியுமா சார்?" என்று வியந்தேன்.

"அட நீங்க வேற! கொழந்தை அழுதா எல்லா பாஷையும் தானா வரும்" என்றார்.

புனே ஸ்டேஷனில் ஆட்டோக்காரரிடம் "எரவாடா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணம் அப்புறம்தான் புரிந்தது. காந்திஜி அடைபட்டிருந்த ஜெயில் எரவாடாவில் இருக்கிறது. பெரிய மனநல ஆஸ்பத்திரியும் அங்கேதான். நம்ம புழலும் கீழ்ப்பாக்கமும் ஒரே பஸ் ஸ்டாப்பில் இருந்தால் எப்படியோ அப்படி. "ரெண்டும் இல்லப்பா, டெக்கான் காலேஜ்" என்று விளக்கியதும் நிம்மதியாகி மீட்டர் போட்டார். (ஆமாம், மீட்டர்! சென்னைவாசிகள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.)

டெக்கான் காலேஜ் 1821ல் சமஸ்கிருதப் பாடசாலையாகப் பிறந்தது. இப்போதிருக்கும் கருங்கல் கட்டடம் 1860களில் எழும்பியது. கூரான வளைவுகள், நீண்ட வராந்தா, கோபுரம் எல்லாம் சேர்ந்து மாதா கோயிலா, ஜமீன் பங்களாவா என்று ஒரு கணம் திகைக்க வைக்கும். நூறு ஏக்கருக்கு மேல் மரங்களும் நிழலும். திலகர் படித்தது இங்கேதான்; அவர் தங்கியிருந்த அறையை இன்னும் வைத்திருக்கிறார்கள். 1934ல் வெள்ளைக்கார அரசாங்கம் 'இது எதுக்கு தண்டச் செலவு' என்கிற தோரணையில் கல்லூரியை இழுத்து மூடியது. பழைய மாணவர்கள் விடவில்லை, கோர்ட் வரைக்கும் போனார்கள். 1939ல் ஆராய்ச்சி நிலையமாக மறுபடி கதவு திறந்தது. அன்று ஆரம்பித்த துறைகளில் ஒன்றுதான் மொழியியல்.

இங்கே தொல்லியல் துறைக்குத்தான் பெயர் அதிகம். அவர்கள் உடைந்த பானையை ஒட்டவைத்துப் பார்க்கிறார்கள். மொழியியல்காரர்கள் முழுசாக இருக்கும் வார்த்தையை உடைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு கோஷ்டியும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறது.

என் சித்தப்பா மகன் இங்கே எம்.ஏ. மொழியியல் இரண்டாம் வருஷம். பி.காம். முடித்துவிட்டு, பாலன்ஸ் ஷீட்டோடு சமாதானமாகக் காலம் தள்ளியிருக்க வேண்டிய பையன். சித்தப்பா முப்பத்தைந்து வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டியவர். "புனேக்குப் போறியாமே, அவன் என்னதான் படிக்கிறான்னு பாத்துட்டு வந்து எனக்குப் புரியற மாதிரி சொல்லு. சொந்தக்காரங்க கேட்டா பதில் சொல்ல முடியல" என்று அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கவர். போன வருஷம் பையன் விளையாட்டாக எழுதிய பேங்க் ஆபீசர் பரீட்சையில் பாஸாகியிருந்தான். அடுத்த புதன்கிழமை மும்பையில் இன்டர்வியூ. அந்தக் கடிதத்தின் பிரின்ட் அவுட்தான் கவரில்.

சித்தப்பாவின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. பிளஸ் டூ முடித்ததும் மொழியியலையே இளங்கலைப் பட்டமாக எடுக்கக்கூடிய இடங்கள் நம் நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலும் வேறு எதையோ படித்துவிட்டு எம்.ஏ.வில்தான் வந்து சேருகிறார்கள். தம்பியின் வகுப்பில் ஒரு இன்ஜினீயர், இரண்டு ஆங்கில இலக்கியம், ஒரு சமஸ்கிருதம், ஒரே ஒரு பி.காம். நம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே இந்தப் படிப்பு இருக்கிறதே என்று கேட்டேன். "இருக்கு. ஆனா தமிழ் பேசாத ஊர்ல உக்காந்து தமிழைக் கேக்கணும்னு ஆசை" என்றான். இந்தப் பதிலைச் சித்தப்பாவிடம் சொல்வதாக இல்லை.

மொழியியல் மாணவனைப் பார்த்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பாஷை தெரியும்?" டாக்டரைப் பார்த்து "உங்களுக்கு எத்தனை வியாதி சார்?" என்று கேட்பதற்குச் சமம் என்று சிரித்தான். பாஷை கற்றுக்கொள்வது வேறு. பாஷை எப்படி வேலை செய்கிறது என்று பானட்டைத் திறந்து பார்ப்பது வேறு. ஒலி, சொல், வாக்கியம், அர்த்தம், யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று இரண்டு வருஷமும் அந்தத் திறப்பு வேலைதான்.

"சரி, ஒண்ணு திறந்து காட்டு" என்றேன்.

"குடையை வீட்ல எப்படிச் சொல்வீங்க?"

"கொடை."

"விலை?"

"வெலை."

"குட்டை? வித்தை?"

"குட்டை... வித்தை..."

"ஏன் கொட்டை, வெத்தைன்னு சொல்லல?"

நான் முழித்தேன். அவன் காகிதத்தில் எழுதிக் காட்டினான். சொல்லின் முதலில் இ, உ வந்து, அடுத்து ஒற்றை மெய்யும் அதன்பின் அ அல்லது ஐயும் வந்தால், பேச்சில் இ போய் எ வரும், உ போய் ஒ வரும். இடம் எடமாகும், உலகம் ஒலகமாகும். நடுவில் இரட்டை மெய் வந்தால் மாறாது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத நம் பாட்டி ஒரு நாளும் இந்த விதியை மீறியதில்லை. ஆனால் நாம்தான் அதைக் 'கொச்சை' என்று சொல்லி மார்க்கைக் குறைத்துக்கொண்டிருந்தோம்!

எனக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. ரயிலில் பார்த்த பால் கதையைச் சொன்னேன். அதற்கும் விதி வைத்திருந்தான். தமிழில் சொல்லின் முதலில் வரும் 'ப', கன்னடத்தில் 'ஹ' ஆகியிருக்கிறது. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் 'ப'தான் இருக்கிறது, நடுவில் மாறியிருக்கிறது. ஆக, நம் பிளாஸ்க்காரர் அரக்கோணத்திலிருந்து கலபுரகி வரை ஒரே வார்த்தையைத்தான் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார். சோலாப்பூரில்தான் நிஜமாகவே குடும்பம் மாறியது.

"குடும்பம் மாறிச்சே தவிர, சகவாசம் மாறல" என்று ஒரு கொக்கி போட்டான் தம்பி.

மராத்தி வடக்கத்திக் குடும்பம். இருந்தாலும் நம்மைப் போல அதற்கும் 'ள' உண்டு. அதைவிட, நாம்–நாங்கள் வித்தியாசம் உண்டு. 'ஆபண்' என்றால் கேட்கிறவரையும் சேர்த்து; 'ஆம்ஹீ' என்றால் அவரை விட்டுவிட்டு. இங்கிலீஷுக்கு இந்த வசதி கிடையாது. மேனேஜர் வந்து, "திஸ் சாட்டர்டே வீ ஹேவ் டு வொர்க்" என்கிறார். இந்த 'வீ'யில் கேட்கிற நாம் இருக்கிறோமா, இல்லையா? சனிக்கிழமை காலைதான் தெரியும். தமிழிலோ மராத்தியிலோ சொன்னால் வெள்ளிக்கிழமையே குட்டு வெளிப்பட்டுவிடும்!

இந்த மாதிரி ஒட்டுறவுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் எமனோ என்கிற அமெரிக்க அறிஞர், குடும்பம் வேறு வேறாக இருந்தாலும் இந்தியா ஒரே மொழிப் பிரதேசம் என்று 1956ல் எழுதினார். 1930களில் நீலகிரியில் தோடர்களோடு உட்கார்ந்து அவர்கள் மொழியைக் குறித்துக்கொண்ட மனிதர் அவர். இதே மகாராஷ்டிரத்தில், சாங்க்லி மாவட்டத்தில் குப்வாட் என்று ஒரு கிராமம். அங்கே கன்னடம், உருது, மராத்தி மூன்றும் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து வீட்டில் குடியிருந்து, வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போட்டால் வாக்கியம் பொருந்துகிற அளவுக்கு இலக்கணத்தில் ஒன்றாகிவிட்டன. 1971ல் வெளிவந்த இந்த ஆய்வைப் படிக்காமல் இந்தப் படிப்பைத் தாண்டுவது கஷ்டமாம்.

மத்தியானம் ஆசிரியர் ஒருவரிடம் அனுமதி வாங்கி, சமஸ்கிருத அகராதிப் பிரிவுக்குக் கூட்டிப் போனான். மொழியியல் துறையை வளர்த்த எஸ்.எம். கத்ரே 1948ல் ஆரம்பித்த வேலை இது. ரிக்வேதம் தொடங்கிச் சுமார் 1,500 நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எங்கே என்ன அர்த்தத்தில் வருகிறது என்று துண்டுச் சீட்டில் எழுதினார்கள். எழுதினார்கள், எழுதினார்கள், இருபத்தைந்து வருஷம் எழுதினார்கள். ஏறக்குறைய ஒரு கோடி சீட்டு! அலமாரி அலமாரியாக இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் பழுப்பேறிய சீட்டில் யாரோ ஒருவரின் முத்து முத்தான கையெழுத்து. எழுதியவர் ரிட்டயராகி, பேரன் பேத்தி எடுத்துப் போயும் சேர்ந்திருப்பார். முதல் தொகுதி அச்சில் வந்தது 1976ல். அதன்பின் முப்பத்தைந்து தொகுதிகள் வந்தாகிவிட்டன.

"எந்த எழுத்து வரைக்கும் வந்திருக்கு?"

"அ."

"அ-வுக்கு அப்புறம்?"

"அ முடியலண்ணா."

நான் ஒரு கம்பெனியில் இயர் எண்டிங் கணக்கு மூன்று நாள் தாமதமானதற்கு எம்.டி. போட்ட கூச்சலைப் பார்த்தவன். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக முதல் எழுத்திலேயே நிற்கும் ஆபீசில், ஒரு அம்மா அமைதியாக ஒரு சீட்டை எடுத்துப் படித்து, கம்ப்யூட்டரில் எதையோ திருத்தி, அடுத்த சீட்டை எடுத்தார். வெளியே வந்த பிறகு கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆனாலும் நான் பி.காம். ஆயிற்றே! டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரவு செலவைத் திறந்தேன். எம்.ஏ.வுக்கு அப்புறம்? நெட் பரீட்சையில் மொழியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்துப் பி.எச்டி. சேர்ந்தால் உதவித்தொகை, 2023ல் அதை மாசம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கிடைக்காவிட்டால் கஷ்டம்தான், மறைக்கவில்லை. கல்லூரி வேலைகள் குறைவு. பேச்சைப் புரிந்துகொள்ளும் மெஷின் செய்யும் கம்பெனிகள் சிலரை எடுத்துக்கொள்கின்றன. வகுப்பிலிருந்த இன்ஜினீயர் அதைக் குறி வைத்துத்தான் வந்திருக்கிறார்.

"நீ எதைக் குறி வச்சிருக்கே?"

தம்பி நிஹாலி என்றான்.

மகாராஷ்டிரத்தின் வட எல்லையில், புல்டாணா மாவட்டத்தில், ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் பேசும் மொழி. எந்தக் குடும்பத்திலும் சேராத ஒற்றை மொழி. அக்கம்பக்கத்தார் எல்லோரிடமும் கைமாற்று வாங்கியிருக்கிறது. இரண்டு, மூன்று, நான்குக்கு அது சொல்லும் எண்கள் திராவிடக் கடன், நாலுக்கு 'நாலோ'வாம்! தமிழ்நாட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு கிழவி நம் நாலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கே.எஸ். நாகராஜா எழுதிய நிஹாலி இலக்கணம் 2014ல் வெளிவந்தது. ஆனால் ஒரு புத்தகத்தோடு ஒரு மொழி முடிந்துபோகுமா? இளசுகள் கோர்க்குவுக்கும் மராத்திக்கும் இந்திக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். தம்பி ஏற்கெனவே ஒரு தடவை போய், ஒரு பாட்டியைப் பிடித்து, உறவுமுறைச் சொற்களைப் பதிவு செய்து வந்திருக்கிறான். பாதிதான் முடிந்ததாம். மாமன் வகையறா பாக்கி.

அப்போதுதான் கவரைக் கொடுத்தேன். பிரித்தான், தேதியைப் பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை நான் புல்டாணா கிளம்பறேன்ணா. பத்து நாள்."

"புதன்கிழமை இன்டர்வியூடா. பாட்டியை அடுத்த மாசம் பாத்துக்கக் கூடாதா?"

"பாட்டிக்கு எண்பது வயசுக்கு மேல. பேங்க் அடுத்த வருஷமும் இன்டர்வியூ வைக்கும்."

பேங்க் ஒரு தடவை கூப்பிட்ட ஆளை மறுபடி பரீட்சை எழுதாமல் கூப்பிடாது என்று சொல்லிப் பார்த்தேன். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

இதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பும் ரயிலில் சோலாப்பூர் வரைக்கும் யோசித்தேன். போன் போட்டதும் முதலில் அந்த 37,000 ரூபாயைச் சொன்னேன்.

"பரவாயில்லையே!" என்றார். பிறகு, "அதுல பி.எஃப். பிடிப்பானா?" என்று கேட்டார்.