காது நறுக்கிய நாய்

சென்ட்ரலில் வண்டி ஏறி, மூட்டை முடிச்சுகளை ஸீட்டுக்கு அடியில் தள்ளி, குழந்தைகளின் ஜன்னலோரச் சண்டையைத் தீர்த்து வைப்பதற்குள் பேஸின் பிரிட்ஜ் வந்துவிடும். ஊர் பார்ப்பதற்காக அந்த ஸ்டேஷனில் யாரும் இறங்குவதில்லை. தண்டவாளங்கள், கிடங்குகள், லாரிகள் - அங்கே பார்க்க வேறென்ன இருக்கிறது? ஆனால் சென்னைத் தெரு நாய்களுக்கு மட்டும் பேசத் தெரிந்திருந்தால், அந்தப் பேட்டையின் பெயரைச் சொன்னதுமே நடுங்கியிருக்கும். புளியந்தோப்புப் பக்கத்தில் அங்கேதான் இருந்தது கார்ப்பரேஷனின் நாய்ப் பட்டி. நாய் வண்டியில் அங்கே போனவை பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை.

பிடிப்பது, கொல்வது என்ற இந்த ஏற்பாடு 1860-ல் ஆரம்பித்ததாம். ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு நாய்கூடச் சாகவில்லை. 1996-க்குள் அதுவே நாளுக்கு 135 வரை போய்விட்டது. இது புளூ கிராஸ் சங்கத்தார் சொல்லும் கணக்கு. கொன்றால் குறைய வேண்டும் அல்லவா? நூற்றுமுப்பத்தாறு வருஷம் கொன்றும், கொல்ல வேண்டிய நாய்கள் பெருகிக்கொண்டே வந்தன!

காரணம் நம் தெருமுனையிலேயே இருக்கிறது. நாய்க்கு எல்லை உண்டு. உங்கள் தெருவின் கறுப்பன் இருக்கும்வரை அடுத்த தெருச் செவலை உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. கறுப்பனை வண்டியில் ஏற்றிவிட்டால்? குப்பைத் தொட்டி அப்படியேதான் இருக்கும், அதில் நாம் கொட்டும் மிச்சச் சோறும் இருக்கும். செவலை குடி வந்துவிடும். பெண் நாய்க்குக் கர்ப்பம் சுமார் 63 நாள்தான். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் போடும். காலியான இடம் நிரம்ப எத்தனை நாள் ஆகும்?

இனி நகரத்தின் மறு கோடிக்கு வாருங்கள். கிண்டியிலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் புளூ கிராஸ் காப்பகம் இருக்கிறது. வாசலுக்கு முன்பே குரைப்புச் சத்தம் உங்களை வரவேற்கும். இந்தச் சங்கம் பிறந்த கதை பெண்கள் அறிய வேண்டியது. கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டிய தம்பதி. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தவர்கள். நடந்தது 1951-ல், நம் வீட்டுப் பெண்கள் சைக்கிள் ஓட்டினாலே ஊர் கூடி வேடிக்கை பார்த்த காலம்! 1959-ல் மழை வெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். புளூ கிராஸ் அதிலிருந்து முளைத்ததுதான்.

அவர்களுடைய பிள்ளை சின்னி கிருஷ்ணா ஒரு எஞ்சினீயர். கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று 1964-லேயே இவர்கள் சொன்னார்கள். கார்ப்பரேஷன் தலையசைக்க 1996 ஆயிற்று. முப்பத்திரண்டு வருஷம்! முதலில் தென்சென்னையில் நடந்த சோதனைதான் பிறகு நகரமெங்கும் பரவியது. 2001-ல் மத்திய சர்க்கார் இதற்கென விதிகளே கொண்டுவந்தது. 2023-ல் அவற்றைப் புதுப்பித்தது. குணமாகாத நோயால், காயத்தால் துடிக்கும் நாய்க்கு மட்டும் டாக்டர் மருந்து கொடுத்து வேதனையில்லாமல் உயிரைப் போக்க அவை அனுமதிக்கின்றன. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குழந்தையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்கும் தாயார் ஒருத்தி, "நாய்க்குப் பரிந்து பேசுகிறீர்களே, கடிபட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதன் பிழைப்பது அபூர்வம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள் பூசிக்கொண்டு உட்காரக் கூடாது. அந்தத் தாயாரின் பயத்தைத் தீர்க்கும் வழியும் ஊசிதான். ஊசி போட்ட நாய் தெருவில் இருந்தால், ஊசி போடாத புது நாய் நுழைவது கடினம்.

ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. 2024-ல் எடுத்த கணக்கில் சென்னையில் சுமார் 1,80,000 தெரு நாய்கள். ஆபரேஷன் ஆனவை நூற்றுக்கு முப்பதுகூட இல்லை. எழுபதாவது ஆனால்தான் பெருக்கம் அடங்கும் என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் டில்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, பதினோரு நாளில் அதை மாற்றி, வெறியோ மூர்க்கமோ இல்லாதவற்றை ஊசி, ஆபரேஷனுக்குப் பின் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை மட்டும் அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. அவற்றை வைக்க இடம்?

காப்பகங்கள் நிரம்புவது தெரு நாயால் மட்டுமல்ல. பிறந்த நாளுக்கென்று ஆசையாய் விலைக்கு வாங்கிய லாப்ரடார், வீடு மாறும்போது அங்கே வந்து சேர்கிறது. அமெரிக்கக் காப்பகங்களில் 1970-களில் நாயும் பூனையுமாக வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல் கொன்றார்கள். இப்போது பத்து லட்சத்துக்கும் கீழே வந்திருக்கிறது. வளர்ப்பு நாய்க்கே ஆபரேஷன் செய்வதும், விலைக்கு வாங்காமல் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்ப்பதும் அங்கே பழக்கமானதே பெரிய காரணம். நம் நாட்டு நாய்க்குட்டிக்கு என்ன குறைச்சல்? வெயில் தாங்கும், தயிர்சாதமும் தின்னும்.

நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது உங்கள் தெரு நாயின் காதைப் பாருங்கள். ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. இல்லையென்றால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து தெருப் பெயரைச் சொல்லுங்கள். வண்டி வரும்போது அது எங்கே படுத்திருக்கும் என்று காட்ட, தினம் சோறு வைப்பவர் யாராவது கூட இருந்தால் நல்லது.