அம்மிக்கும் இடமுள்ள சமையலறை

பழமையும் புதுமையும் கலந்த சமையலறை என்ற பெயரில் இன்று அமைக்கப்படுபவற்றுள் பல, பளபளக்கும் அலமாரிகளுக்கு நடுவே ஒரு பித்தளைக் குடத்தையும் பயன்படாத அம்மியையும் காட்சிக்கு வைப்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு பொருள் எந்த வேலைக்காக அந்த வடிவத்தைப் பெற்றது என்பதை அறிந்து, அந்த வேலைக்குப் புதிய வீட்டில் இடம் தருவதே உண்மையான கலப்பாகும்.

அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றைத் தனித்தனி அறைகளில் வைக்கும் இந்தப் பெட்டி, தாளிப்பின் அவசரத்திலிருந்து பிறந்தது; காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து அடங்குவதற்கும் உளுத்தம்பருப்பு சிவப்பதற்கும் இடையே சில நொடிகளே இருப்பதால், அடுத்த பொருள் கை நீட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும். இன்றைய மாடுலர் சமையலறையின் முன்னோடியாகக் கருதப்படும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையும் இதே சிந்தனையில் உருவானதே. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அந்த அறையில், அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் கையெட்டும் இடத்தில் இருந்தன. மாவுக்கு மட்டும், புழு அண்டாது என்பதற்காக, ஓக் மரப் பெட்டி அமைக்கப்பட்டது. புதுமையின் தொடக்கமே பொருளின் இயல்பை அறிந்த பழைய அறிவைக் கைவிடவில்லை என்பதற்கு இந்த மரப்பெட்டி சான்று.

தமிழகத்தில் இத்தகைய இணைப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1950களில் கோயம்புத்தூரில் உருவாகி, பின்னர் புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டர். ஆட்டுக்கல்லில் குழியுள்ள கல் அசையாதிருக்கக் குழவியைக் கை சுழற்றும். கிரைண்டரிலோ குழவி ஓரிடத்தில் நிற்கப் பாத்திரத்தை மோட்டார் சுழற்றுகிறது. கையின் உழைப்பு நீங்கியது, ஆனால் மாவை அதிகம் சூடேற்றாமல் அரைக்கும் கல் அப்படியே நின்றது.

அறையின் அமைப்பிலும் இந்த நோக்கு வேண்டும். பழைய வீடுகளில் அரைப்பது, மீன் கழுவுவது, பாத்திரம் துலக்குவது போன்ற ஈர வேலைகள் முற்றத்திலோ கொல்லைப்புறத்திலோ நடந்ததால் அடுப்படி உலர்ந்திருந்தது. அடுக்குமாடி வீடுகளில் அனைத்தும் ஒரே மேடைக்கு வந்துவிட்டன. சமையலறையை ஒட்டி நீர் வடியும் வசதியுடன் சிறு பகுதி ஒதுக்கினால், கொல்லைப்புறத்தின் பயன் மீண்டும் கிடைக்கும். அங்கே அம்மியைப் பதிப்பதானால், அடுப்பு மேடையைவிடத் தாழ்வாகப் பதிக்க வேண்டும். ஏனெனில் குழவியை இழுத்து அரைப்பதற்கு உடலின் எடை கைகளின் வழியே கல்லில் இறங்க வேண்டும். வறுப்பதும் தாளிப்பதும் அன்றாடம் நடக்கும் வீட்டில், கூடத்தோடு திறந்து கிடக்கும் சமையலறையைவிடக் கதவும் புகைபோக்கியும் உள்ள அறையே பொருந்தும்.

ஆகவே சமையலறைக்குத் திட்டம் வரைபவர், கல்லின் நிறத்தையும் கதவின் வகையையும் கேட்பதற்கு முன், அந்த வீட்டில் ஒரு நாளில் என்னென்ன சமைக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், அவர் எவ்வளவு உயரம் என்பவற்றை முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.